பேச்சுக் கான்டனீஸில் மனவாட்டச் சொற்கள்: பொருளும் பெயர்ப்பும்

1. முன்னுரை

உணர்ச்சிச் சொற்களை மொழிபெயர்ப்பதில் நேரும் பிழைகள் பல, அகராதியில் நிகர்ச்சொல் எளிதாகக் கிடைத்துவிடுவதாலேயே நேர்கின்றன. ஒரு மொழியில் 'வருத்தம்' எனப் பொருள்படும் சொல்லுக்கு மற்றொரு மொழியில் 'வருத்தம்' என்னும் சொல்லை இட்டு நிரப்பிவிட்டால் பணி முடிந்ததாகக் கருதிவிடுகிறோம். அச்சொல்லை அம்மொழியார் எந்த அளவு வருத்தத்திற்கு, யாரிடம், எத்தொடரில் வைத்துக் கூறுவர் என்பது விடுபட்டுப் போகிறது. இவ்விடர்ப்பாட்டைப் பேச்சுக் கான்டனீஸ் மொழியின் மனவாட்டச் சொற்களைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கான்டனீஸ், சீன மொழிக் குடும்பத்தின் யூவே கிளையைச் சேர்ந்தது. தென்சீனத்தின் குவாங்டொங் மாநிலத்தின் பெரும்பகுதியிலும், குவாங்சியின் ஒரு பகுதியிலும், ஹாங்காங், மக்காவ் ஆகிய இடங்களிலும் வழங்குவது. மலேசியாவின் கோலாலம்பூர், ஈப்போ முதலிய நகரங்களிலும் புலம்பெயர்ந்தோர் வாழும் பிற நாடுகளிலும் இதனைக் கேட்கலாம். ஹாங்காங் மக்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் அன்றாடப் பேச்சில் பயன்படுத்துவது இம்மொழியே. இக்கட்டுரை பெரும்பாலும் ஹாங்காங் வழக்கையே கருதுகிறது.

கான்டனீஸ் ஆறு தொனிகளைக் கொண்ட மொழி. தொனிகளைக் காட்ட, ஹாங்காங் மொழியியற் கழகம் 1993இல் வகுத்த யூட்பிங் முறையின் எண்கள் இங்கு ஒவ்வோர் அசைக்கும் பின் தரப்பட்டுள்ளன: 1 உயர்சமன், 2 உயரெழுச்சி, 3 இடைச்சமன், 4 தாழிறக்கம், 5 தாழெழுச்சி, 6 தாழ்சமன். தமிழ் எழுத்துப்பெயர்ப்பு ஒலிப்பை ஒருவாறு உணர்த்துவதேயன்றி முழுமையாகக் காட்டுவதன்று. மூச்சொலி பெற்ற வெடிப்பொலிகளும் பெறாதவையும் தமிழ் வரிவடிவில் வேறுபடா. எடுத்துக்காட்டுத் தொடர்கள் பேச்சில் இயல்பாக வருவனவற்றை ஒட்டி அமைக்கப்பட்டவை.

2. திறத்தலும் அடைபடுதலும்

கான்டனீஸ் பேசும் ஒருவர் தம் மனவாட்டத்தைக் கூற முதலில் நாடும் தொடர் ஒரு தனிச்சொல்லன்று, எதிர்மறைத் தொடர்.

(1) ஙோ5 ம்4 ஹோய்1 ஸம்1.
நான் – அல் – திற – நெஞ்சு
'எனக்கு மனசு சரியில்லை.'

'ஹோய்1' என்பது திறத்தல். 'ஸம்1' என்பது நெஞ்சு. உடலுறுப்பையும் மனத்தையும் ஒருசேரக் குறிப்பதால் இதற்குத் தமிழில் 'நெஞ்சு' என்பதே நெருங்கிய நிகர். 'ஹோய்1 ஸம்1', அதாவது 'நெஞ்சு திறந்திருத்தல்', மகிழ்ச்சியைக் குறிக்கும் பொதுச்சொல். அதன் மறுப்பாகிய 'ம்4 ஹோய்1 ஸம்1' மகிழ்ச்சியின் வெறும் இன்மையைக் குறிப்பதோடு நிற்பதில்லை. பொம்மை கிடைக்காத குழந்தையின் சிணுங்கல், மேலாளர் கடிந்துகொண்டதால் ஏற்பட்ட மனத்தாங்கல், காதல் முறிவு, உறவினரை இழந்தவர் பல திங்களாகச் சுமக்கும் துக்கம் ஆகிய அனைத்தும் இத்தொடருக்குள் அடங்கும். தமிழில் 'மகிழ்ச்சியாக இல்லை' என்பது இவ்வளவு பரந்து செல்வதில்லை. நம் பேச்சில் இதே பரப்பும் இதே அடக்கமும் உடைய தொடர் 'மனசு சரியில்லை' என்பதாகும். அதுவும் எதிர்மறை, அதுவும் சிறிய பிணக்கு முதல் பெருந்துயர் வரை தாங்கவல்லது.

'திறந்த நெஞ்சு' எனும் உருவகத்திற்கு நேர் எதிரான சொல்லும் இம்மொழியில் உண்டு. 'பை3 ஐ3' என்பது கவலையாலும் மனவாட்டத்தாலும் அழுந்தியிருக்கும் நிலை. 'பை3' மூடுதல். 'ஐ3' மறைப்பு, நிழலிடுதல் எனும் பொருளது. எழுத்து வழக்கில் இறகாலான கவிகையையும் கண்ணில் படரும் படலத்தையும் குறித்துவந்தது. இச்சொல்லை முதியோர் பேச்சில் மிகுதியாகக் கேட்கலாம்.

(2) ம்4 ஸை2 கம்3 பை3 ஐ3.
'இவ்வளவு மனசை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை.'

ஆறுதல் கூறும் தொடர்களிலும் இவ்வுருவகமே தொழிற்படுகிறது. 'டை2 ஹோய்1 டி1 லா1' என்பதன் சொற்பொருள் 'இன்னும் கொஞ்சம் திறந்து பார்' என்பது. கருத்துப்பொருள் 'இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே' என்பது. லேகாஃபும் ஜான்சனும் 1980இல் வெளியிட்ட நூலில் உணர்ச்சிச் சொற்களின் அடியில் இயங்கும் உருவகங்களைச் சுட்டினர். ஆங்கிலத்தில் மகிழ்ச்சி மேலும் துயரம் கீழுமாக அமைவதை அவர்கள் காட்டியது மொழியியலார் அறிந்ததே. மேல், கீழ் என்னும் பகுப்பு சீன மொழிகளிலும் உண்டு. எனினும் பேச்சுக் கான்டனீஸின் அன்றாடத் தொடர்களில் மிகுதியும் ஓங்கி நிற்பது திறப்பு, அடைப்பு என்னும் பகுப்பே எனலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். திறத்தல், மூடுதல், 'முன்6' எனும் மனவாட்டம் ஆகிய மூன்றையும் எழுதும் மரபுச் சீன எழுத்துகள் மூன்றிலும் கதவைக் குறிக்கும் உறுப்பு உள்ளது. 'முன்6' எழுத்தில் கதவினுள் நெஞ்சு அமைந்திருக்கும். கதவடைத்த நெஞ்சே மனவாட்டம் என விளக்குவது கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் முதலிரண்டு எழுத்துகளில் கதவு பொருள் பற்றி வந்தது. மூன்றாவதில் ஒலியைக் காட்ட வந்தது. எழுத்தின் வடிவைக் கொண்டு சொல்லின் பொருளை நிறுவுதல் ஆய்வு நெறியாகாது. பேச்சு வழக்கே சான்று.

3. புழுக்கம், சுவையின்மை, சாம்பல்

'ஐ3' தனித்தும் வரும். ஹாங்காங்கில் சூறாவளி நெருங்குவதற்கு முன் காற்றசைவின்றி வெப்பம் தேங்கி நிற்கும் நாள்கள் உண்டு. அவ்வானிலையை 'ஐ3 குக்6' என்பர். அதே 'ஐ3' மனத்திற்கும் ஆகிறது.

(3) ஙோ5 கோ3 ஸம்1 ஹோ2 ஐ3.
நான் – (வகைச்சொல்) – நெஞ்சு – (அளவடை) – புழுங்கு
'எனக்கு மனசு புழுங்குகிறது.'

தமிழில் 'புழுக்கம்' என்பதும் வானிலை, மனநிலை ஆகிய இரண்டிற்கும் பொது. 'மனப்புழுக்கம்' எனும் தொடர் இச்சொல்லுக்கு ஏறத்தாழ முழுப் பொருத்தமாக அமைகிறது: வெளியே சொல்லவியலாது உள்ளே தேங்கிய வருத்தம், அதில் கலந்திருக்கும் மெல்லிய சினம், காற்று வாராமை போன்ற உடலுணர்வு ஆகிய மூன்றும் இருமொழிச் சொல்லிலும் உள. நெஞ்சுப் பகுதியின் இறுக்கத்தைக் கூறவும் 'ஐ3' பயன்படுவதால், பேசுபவர் உடலைக் கூறுகிறாரா மனத்தைக் கூறுகிறாரா என்பது சில இடங்களில் தெளிவுபடாது. அவ்விடங்களில் 'நெஞ்சை அடைக்கிறது' எனப் பெயர்ப்பதே தக்கது. மூலத்தில் உள்ள இருபொருள்நிலையை மொழிபெயர்ப்பாளர் தாமே தீர்த்துவைக்கக் கூடாது.

'முன்6' மிகுந்த கவனத்திற்குரியது. பொழுது போகாமை, சலிப்பு, மனவாட்டம் ஆகிய மூன்றையும் இச்சொல் குறிக்கும். அகராதிகள் 'சலிப்பு' என்பதை முதலில் தருவதால் மொழிபெயர்ப்புகளில் அதுவே மிகுதியாக இடம்பெறுகிறது. திரைப்படத்தை 'முன்6' என்றால் சலிப்பு. மனைவியைப் பிரிந்த ஒருவர் மாலையில் வீட்டில் தனித்திருந்து 'முன்6' என்றால் அது சலிப்பன்று. எழுவாய் பொருளா ஆளா என்பதும், பேச்சின் முன்பின் தொடர்பும் நோக்கியே இதைப் பிரித்தறிய இயலும்.

சுவை பற்றிய சொற்களும் குறிப்பிடத்தக்கன. 'ஸம்1 ஸ்யூன்1' நெஞ்சு புளித்தல். பிறர் துயர் கண்டு அல்லது தம் பழைய துயர் நினைந்து கண்ணில் நீர் வருமளவு நெகிழ்தல். தமிழில் புளிப்பு இப்பொருள் தராது. 'மனசு கரைகிறது' அல்லது 'நெஞ்சு கனக்கிறது' எனலாம். 'ஸம்1 டாம்5' நெஞ்சு சுவையிழத்தல். உப்பில்லாத உணவின் சப்புச்சுவையை நெஞ்சின் மேல் ஏற்றிக் கூறுவது. தமிழில் 'சப்பென்று போயிற்று' என்பதை இதற்கு நிகராகக் கொள்ளத் தோன்றும். ஆனால் தமிழ்த் தொடர் எதிர்பார்த்த ஒன்று திடீரென வெறுமையாக முடிந்ததைக் கூறுவது. 'ஸம்1 டாம்5' மீண்டும் மீண்டும் ஏமாந்ததால் மெல்ல மெல்லப் பற்றறுந்து போவது. 'மனசு விட்டுப்போயிற்று', 'வெறுத்துப்போயிற்று' என்பனவே இதற்கு அணியவை.

'ஃபுய்1' என்பது சாம்பலையும் சாம்பல் நிறத்தையும் குறிக்கும். 'ஹோ2 ஃபுய்1' என்றால் எதிர்காலம் பற்றிய நம்பிக்கை இழந்த நிலை. இளையோர் பேச்சிலும் பரவலாக வழங்குகிறது. 'ஸம்1 குய்6', நெஞ்சு களைத்தல், உடற்களைப்பினின்று வேறுபட்ட அயர்ச்சி. 'மோ5 ஸம்1 கெய்1' எதிலும் மனம் செல்லாமை. தமிழில் 'ஒன்றிலும் மனசு ஒட்டவில்லை' என்பது இதற்குச் சரியாக அமையும்.

வெப்பமும் தட்பமும் பற்றிய ஒரு சொல் மாண்டரின் கற்றவரை எளிதில் வழுக்கிவிடும். மாண்டரினில் நெஞ்சு குளிர்தல் நம்பிக்கை இழத்தலைக் குறிக்கும். கான்டனீஸில் 'ஸம்1 லேங்4' என்றால் தீங்கு செய்தவன் அடிபட்டதைக் கண்டு மகிழ்தல். 'அவன் பட்டான், என் வயிறு குளிர்ந்தது' எனும் நம் பேச்சு வழக்கே இதற்கு நேர். ஒரே எழுத்துகளால் எழுதப்படும் சொல் ஒரு மொழியில் வாட்டமும் மற்றொன்றில் மகிழ்ச்சியுமாக நிற்பதை நோக்குக. 'ஹாம்3' எனும் வினையும் இத்தகையதே: கான்டனீஸில் அழுதல், மாண்டரினில் அதே எழுத்து உரக்கக் கத்துதல்.

4. முகத்தில் தோன்றும் வாட்டம்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் துயரத்தை உள்ளத்தின் பெயரால் சுட்டாது 'அழுகை' எனப் புறத்தே தோன்றும் குறியாற் சுட்டினார். இழிவு, இழப்பு, தளர்வு, வறுமை என அதன் நிலைக்களன்களையும் வகுத்தார். உணர்ச்சியை அதன் மெய்க்குறியால் பெயரிடும் இம்முறை கான்டனீஸிலும் வளமாக உள்ளது. பொதுவாக, நெஞ்சுச் சொற்கள் தம்மைப் பற்றிக் கூறவும், முகச் சொற்கள் பிறரைப் பற்றிக் கூறவும் மிகுதியாகப் பயன்படுகின்றன.

'ஹக்1 ஹவ்2 ஹக்1 மின்6' (கருவாய் கருமுகம்), 'ஃபூ2 ஹவ்2 ஃபூ2 மின்6' (கசந்த வாய் கசந்த முகம்) ஆகிய இரண்டும் ஒரே வாய்பாட்டில் அமைந்த நான்கசைத் தொடர்கள். முதலாவது பிறர்மேல் கொண்ட மனக்குறையை முகத்தில் காட்டுவது: 'முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்', 'உர்ரென்று இருக்கிறான்'. இரண்டாவதில் பிறர்மேல் குறையில்லை. தன் பாடே வருத்துகிறது: 'முகம் வாடிக் கிடக்கிறது'. இவ்வேறுபாட்டை விட்டுவிட்டால் கதைமாந்தர் உறவுகளே மாறிவிடும்.

வாடிய முகத்தைப் 'ஃபூ2 குவா1 கோன்1', அதாவது பாகல் வற்றல், என நகையாடுவதும் உண்டு. பாகற்காய் நமக்கும் உரியதே எனினும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது இங்கு உதவாது. பாகற்காய் வற்றல் என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவில் எழுவது குழம்பும் சோறுமேயன்றி வாட்டமன்று. 'வேப்பெண்ணெய் குடித்த முகம்' என்றால் கசப்பும் நகைப்பும் ஒருங்கே நிலைபெறும்.

'ஙான்5 ஸப்1 ஸப்1' (கண் ஈரம் ஈரம்) என்பது அழுகைக்கு முந்திய நிலை. ஈரடுக்காக வரும் பின்னசைகள் நிலையை ஓவியமாகக் காட்டுவன. 'கண் கலங்கி நின்றாள்' எனத் தமிழ் ஒரு வினையெச்சத்தால் இதனை உணர்த்திவிடும்.

5. தொடரமைப்பு

சொற்களுக்கு நிகர் கண்ட பின்னரும் தொடரமைப்பில் பிழை நேரக்கூடும். நான்கு செய்திகள் இங்குக் கருதத்தக்கன.

முதலாவது, உணர்வோரின் வேற்றுமை. தமிழில் உணர்ச்சி நிலைகளை அனுபவிப்பவர் நான்காம் வேற்றுமை ஏற்பது இயல்பு: 'எனக்கு வருத்தமாக இருக்கிறது'. கான்டனீஸில் வேற்றுமை உருபுகள் இல்லை. உணர்வோர் தொடரின் தலைப்பாக முன்னே நிற்பார். எடுத்துக்காட்டு (3)இல் 'நான்' தலைப்பு, 'நெஞ்சு' எழுவாய், 'புழுங்குதல்' பயனிலை. 'எனக்கு மனசு புழுங்குகிறது' என்பதிலும் இதே மூவுறுப்பு அமைப்பைக் காண்கிறோம். தலைப்பு–விளக்க அமைப்பும் கொடைவேற்றுமை அமைப்பும் வெவ்வேறு இலக்கண வழிகளாயினும், உணர்வு தன்னிச்சையாக நேர்கிறது, அதை ஆற்றுபவன் ஒருவனில்லை எனும் கருத்தை இரண்டும் காக்கின்றன. 'நான் மகிழ்ச்சியற்றவன்' எனப் பெயர்ப்பவர் நிலையற்ற ஒரு மனநிலையை நிலைத்த குணமாக்கிவிடுகிறார்.

இரண்டாவது, 'ஹோ2' எனும் அளவடை. அகராதிப் பொருள் 'மிகவும்'. ஆனால் உடன்பாட்டுத் தொடரில் பண்புப் பயனிலைக்கு முன் இது பெரும்பாலும் வழக்கமாகவே வந்து நிற்கும். தனியே அழுத்தி ஒலித்தாலன்றி மிகுதிப் பொருள் தருவதில்லை. 1994இல் வெளிவந்த மாத்யூஸ், யிப் ஆகியோரின் இலக்கணமும் இவ்வழக்கை எடுத்துரைக்கிறது. எனவே 'ஹோ2 ஃபுய்1' என்பதை எல்லா இடத்தும் 'மிகவும் நம்பிக்கையிழந்து' எனப் பெயர்த்தால், பேசுபவர் கூறாத மிகையைக் கூறியவராகிறோம்.

மூன்றாவது, மாற்றத்தைக் காட்டும் 'ஜோ2'. 'ஸம்1 டாம்5 ஜோ2' என்றால் நெஞ்சு முன்பு சுவையோடிருந்து இப்போது சுவையிழந்தது. தமிழில் இதற்குப் 'போ' எனும் துணைவினை வாய்ப்பாக உள்ளது: வெறுத்துப்போ, சோர்ந்துபோ, உடைந்துபோ. ஆயினும் 'ஜோ2' நன்மை தீமைப் பாகுபாடற்றது. 'போ' விரும்பத்தகாத மாற்றத்தையே பெரிதும் குறிப்பது. மனவாட்டச் சொற்களோடு வருமிடத்து இவ்வேறுபாடு தமிழுக்கு நன்மையாகவே முடிகிறது.

நான்காவது, தணிப்பு. பண்புச்சொல்லை இரட்டித்து 'டெய்2' எனும் ஈறு சேர்த்தால் பண்பின் அளவு குறையும். இரண்டாம் அசை பெரும்பாலும் உயரெழுச்சித் தொனி பெறும். 'முன்6 முன்2 டெய்2' என்றால் 'கொஞ்சம் வாட்டமாக'. தமிழில் இரட்டித்தல் பெரும்பாலும் மிகுதிக்கே வருவதால், கான்டனீஸ் இரட்டிப்பைக் கண்டு மிகுதி எனக் கொள்ளும் பிழை தமிழருக்கு எளிதில் நேரும்.

6. ஈற்று இடைச்சொற்களும் குறைத்துக் கூறலும்

கான்டனீஸ் தொடரின் இறுதியில் நிற்கும் இடைச்சொற்கள் எண்ணிக்கையிலும் நுட்பத்திலும் மிக்கன. பேசுபவரின் மனப்பாங்கைத் தெரிவிப்பன அவையே. தொனிமொழியாதலால் உணர்ச்சிக்கேற்ப ஒலியிறக்கத்தை விருப்பம்போல் மாற்ற இடம் குறைவு. அப்பணியின் ஒரு பகுதியை இவ்விடைச்சொற்கள் ஏற்கின்றன எனக் கருத இடமுண்டு. ஒரே தொடர் ஈற்றுச்சொல்லால் வேறுபடுவதைக் காண்க.

(4) ம்4 ஹோய்1 ஸம்1 லோ1. 'மனசு சரியில்லை, வேறென்ன.'
(5) ம்4 ஹோய்1 ஸம்1 ஜே1. 'மனசு சரியில்லை, அவ்வளவுதான்.'
(6) கேய்5 ம்4 ஹோய்1 ஸம்1 வோ5. 'அவளுக்கு மனசு சரியில்லையாம்.'

'லோ1' காரணம் வெளிப்படை, இதில் கேட்க என்ன இருக்கிறது எனும் சலிப்பைத் தரும். 'ஜே1' கூறியதைச் சிறிதாக்கும். 'வோ5' பிறர் கூற்றைக் கொண்டு கூறுவது. தமிழின் 'ஆம்' ஈறு இதற்கு வியக்கத்தக்க பொருத்தம் உடையது. (6)இல் 'கேய்5' ஆண், பெண் வேறுபாடற்ற படர்க்கைச் சொல் என்பதால் அவன், அவள், அவர் என்பதைச் சூழலே முடிவு செய்யும்.

மனவாட்டம் கூறும் உரையாடல்களில் 'ஜே1' தனி முதன்மை பெறுகிறது. நலம் கேட்கும் ஒருவருக்கு வரும் விடையை நோக்குவோம்.

(7) மோ5 ஸி6. யவ்5 டி1 முன்6 ஜே1.

சொல்லளவில், 'ஒன்றுமில்லை. கொஞ்சம் முன்6, அவ்வளவுதான்.' மறுப்பு ஒன்று, 'கொஞ்சம்' எனும் தணிப்பு ஒன்று, 'ஜே1' எனும் குறைப்பு ஒன்று: ஆக மூன்று அடுக்குத் திரைகள். இவற்றின் பின்னே இருப்பது சிறிய வாட்டமாகவும் இருக்கலாம், பெருந்துயராகவும் இருக்கலாம். 'கொஞ்சம் சலிப்பாக இருக்கிறது' என இதனைப் பெயர்த்தால் இரண்டாவது வாய்ப்பு அடியோடு மறைந்துவிடும். 'எனக்குப் பெருந்துயரம்' எனப் பெயர்த்தால் பேசியவர் மறைக்க விரும்பியதை நாம் அம்பலப்படுத்தியவராவோம். 'ஒன்றுமில்லை, மனசுதான் கொஞ்சம் ஒரு மாதிரியாக இருக்கிறது' என்பது இரு வாய்ப்பையும் காக்கும்.

7. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும்

இரட்டை வழக்கு தமிழருக்குப் புதிதன்று. ஹாங்காங்கிலும் பள்ளியில் கற்கும் எழுத்து வழக்கு மாண்டரினை அடியொற்றிய பொதுச்சீனம். அதனைக் கான்டனீஸ் ஒலிப்பில் படிப்பர். வீட்டில் பேசுவது வேறு. 'பெய்1 ஸேங்1', 'யவ்1 ஸவ்4' முதலிய துயரச் சொற்கள் எழுத்து வழக்கிற்கு உரியன. ஒருவர் தம் நண்பரிடம் 'நான் பெய்1 ஸேங்1' என்றால், நம்மிடையே ஒருவர் தேநீர்க் கடையில் 'யான் துயருற்றேன்' என்றது போலிருக்கும். 'ஸேங்1 ஸம்1' (நெஞ்சு புண்படுதல்) இருவழக்கிற்கும் பொது. பேச்சிலும் இயல்பாக வரும்.

கான்டனீஸ் திரைப்பாடல்களையும் மெல்லிசைப் பாடல்களையும் கேட்டு மொழி கற்போர் இவ்வகையில் ஏமாறுவதுண்டு. 1970களில் ஸாம் ஹூய் பேச்சு வழக்கில் பாடிப் புகழ்பெற்றார் எனினும், காதல் துயர் கூறும் மெல்லிசைப் பாடல்கள் பெரும்பாலும் எழுத்து வழக்கிலேயே இயற்றப்படுகின்றன. பாடலின் துயரச் சொற்களைக் கொண்டு பேச்சின் துயரத்தை அளவிடலாகாது.

மறுபுறம் ஆங்கிலக் கலப்பு. 'மோ5 மூட்' (மூடு இல்லை), 'ஹோ2 டவுன்', அண்மைக் காலத்தில் 'இமோ' ஆகியன இளையோர் பேச்சில் வழங்குகின்றன. நம்மிடையேயும் 'மூடு சரியில்லை' என்பது வழக்கே. தூய்மை கருதி இவற்றை 'உளச்சோர்வு' என உயர்த்தினால், பேசுபவர் வேண்டுமென்றே கொண்ட இலேசான தொனி அழிந்துவிடும். அயற்சொல்லால் கூறுவது வருத்தத்திலிருந்து ஓரடி விலகி நிற்பதற்கான உத்தி. அவ்விலகலும் பொருளின் ஒரு பகுதி.

மருத்துவ வழக்கு தனியானது. 'யிக்1 வட்1 ஜிங்3' என்பது மனச்சோர்வு நோயின் மருத்துவப் பெயர். அழுத்துதல், உள்ளே திணிந்து தேங்குதல் எனும் பொருளுடைய அசைகளால் ஆனது. இங்கும் அடைபடுதல் கருத்தே நிலவுகிறது. பொதுமக்கள் பேச்சில் இதனை வெளிப்படையாகக் கூறாது 'உணர்ச்சி நோய்' எனப் பொருள்படும் மென்மையான தொடரால் குறிப்பதுண்டு. 1980களில் ஆர்தர் கிளைன்மன் ஹூனான் மாநிலத்தில் ஆய்ந்தபோது, 'நரம்புத் தளர்ச்சி' எனும் பெயரில் உடற்குறைகளைக் கூறி வந்தோருட் பலர் மனச்சோர்வு நோயின் அடையாளங்களைக் கொண்டிருந்ததைக் கண்டார். அப்பகுதி கான்டனீஸ் வழங்கும் நிலமன்று. ஆயினும் உடல்வழி மனத்தைக் கூறும் பழக்கத்தை மொழிபெயர்ப்பாளர் எளிதாகத் தள்ளிவிடலாகாது என்பதற்கு அது சான்று.

8. முடியாமைத் தொடர்கள்

கான்டனீஸில் ஒரு வினைக்கும் அதன் விளைவுச்சொல்லுக்கும் இடையே 'ம்4' எனும் மறுப்பை இட்டால், செய்தும் விளைவு கைகூடாமை பெறப்படும். மனவாட்டத்தைப் புலப்படுத்தும் தொடர்கள் பல இவ்வாய்பாட்டின.

(8) ஸிக்6 ம்4 லோக்6: உண் – அல் – இறங்கு. 'சாப்பாடு இறங்கவில்லை.'
(9) ஃபன்3 ம்4 ஜேக்6: உறங்கு – அல் – கைகூடு. 'தூக்கம் பிடிக்கவில்லை.'
(10) நம்2 ம்4 ஹோய்1: எண்ணு – அல் – திற.

(8), (9) இரண்டிற்கும் தமிழ் இயல்பாகவே விடை தருகிறது. உணவு இறங்குவதாகக் கூறும் வழக்கு கூட இருமொழிக்கும் பொதுவாக அமைந்துள்ளது. (10) அத்தகையதன்று. 'எண்ணியும் திறக்கவில்லை' எனும் இத்தொடரின் முதற்பொருள், ஒரு துயரத்தை எண்ணி எண்ணி அதிலிருந்து மீள வழி காணாமை. அவ்வளவில் 'மனசு ஆறவில்லை' எனலாம். ஆனால் இத்தொடர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தையும், அதனைச் செய்துவிட்டதையும் மறைவாகக் கூறவும் வழங்குகிறது. அமங்கலமானதை வேறு சொல்லால் கூறும் வழக்கை நம் இலக்கணிகள் 'மங்கலம்' எனத் தகுதி வழக்கினுள் அடக்கினர். நம் செய்தித்தாள்கள் 'விபரீத முடிவு', 'தவறான முடிவு' என எழுதுவதும் இதன்பாற்படும்.

மருத்துவமனையிலோ ஆற்றுப்படுத்துநர் அறையிலோ ஒருவர் (7)ஐப் போலத் தொடங்கி, (8), (9) ஆகியவற்றைக் கூறி, (10)இல் வந்து நிற்பதாகக் கொள்வோம். உரைபெயர்ப்பவர் இவற்றை முறையே 'கொஞ்சம் சலிப்பு', 'பசியில்லை', 'தூக்கமில்லை', 'ஒன்றும் புரியவில்லை' எனப் பெயர்த்தால், ஒவ்வொன்றும் அகராதிப்படி பெரும் பிழையாகத் தோன்றாது. ஆனால் கேட்பவருக்குச் சென்று சேர்வது வேறோர் ஆளின் நிலை. இடரில் இருப்பவரின் கூற்று அயர்வுற்ற ஒருவரின் முறையீடாகக் குறுகிவிடும். (10)ஐக் கேட்டவிடத்து, சூழல் ஐயத்திற்கு இடந்தருமாயின், உரைபெயர்ப்பவர் இத்தொடருக்கு இரு பொருளும் உண்டு எனத் தெரிவித்துவிடுவதே முறை. தெளிவுபடுத்த வேண்டிய கேள்வியைக் கேட்கும் பொறுப்பு அத்துறை வல்லாருடையது. அக்கேள்வி எழுவதற்கான வழியை அடைத்துவிடாதிருப்பது மொழிபெயர்ப்பாளருடையது.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன: பேச்சுக் கான்டனீஸில் மனவாட்டம் பெரிதும் நெஞ்சு அடைபடுதலாகக் கருதப்படுகிறது. அது நேரடியான துயரப் பெயர்களால் குறைவாகவும், திறப்பின் மறுப்பாலும் முடியாமைத் தொடர்களாலும் மிகுதியாகவும் சொல்லப்படுகிறது. சொல்லப்படும் அளவைத் தணிப்பு ஈறுகளும் ஈற்று இடைச்சொற்களும் மேலும் குறைத்துக் காட்டுகின்றன. ஆகவே சொல்லுக்கு நிகர் தேடுமுன், அச்சொல் நெஞ்சைச் சார்ந்ததா முகத்தைச் சார்ந்ததா, பேச்சுக்குரியதா எழுத்துக்குரியதா, அதன் ஈற்றில் நிற்கும் இடைச்சொல் யாது என்னும் மூன்றையும் ஆராய்தல் வேண்டும்.

இப்பணிக்குத் தமிழ்ப் பேச்சு வழக்கு நல்ல கருவி. நான்காம் வேற்றுமைத் தொடர்கள், 'போ' எனும் துணைவினை, 'ஆம்' எனும் ஈறு, புழுக்கம், குளிர்தல், இறங்காமை முதலிய வழக்குகள் ஆகியன கான்டனீஸின் நுட்பங்களைத் தாங்கவல்லன. ஆங்கிலத்தின் வழியாக இம்மொழியை அணுகும்போது இவ்வொப்புமைகள் நம் கண்ணிற்படாமலே போய்விடுகின்றன. துயரம், சோகம், விசனம் எனும் உயர்வழக்குப் பெயர்களை நாடுமுன் 'மனசு சரியில்லை' எனும் எளிய தொடரை மொழிபெயர்ப்பாளர் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராயின், கான்டனீஸ் பேசுவோர் பலரின் வாட்டம் அதன் உரிய அளவோடு தமிழில் வந்து சேரும்.